பாடநூல் இல்லாத வகுப்பில் என்ன நடக்கிறது?

(சென்னையில் ஒரு சர்வதேசத் தொடக்கப் பள்ளியின் பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் முன் ஆற்றிய உரை)

சனிக்கிழமைக் காலைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். பேரன் பேத்திகளின் சார்பில் வந்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். உங்களிடம் எனக்கு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதலில் புத்தகக் கட்டு விவகாரத்தை முடித்துவிடுவோம். சேர்க்கை முடிந்ததிலிருந்து அலுவலகத்துக்கு அதிகமாக வந்த கேள்வி அதுதான். "ஃபீஸ் கட்டியாச்சு, யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்தாச்சு, புக்ஸ் எப்போ தருவீங்க?" தரமாட்டோம். கணக்குக்கு ஒரு பயிற்சி நூல் உண்டு. வாசிப்பதற்குக் கதைப் புத்தகங்கள், தகவல் நூல்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும், வகுப்பறை அலமாரியில் நிறைய உண்டு. ஆனால் ஆறு பாடத்துக்கு ஆறு புத்தகம் வாங்கி, பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, ஜூன் மாதம் முதல் பாடம், மார்ச் மாதம் கடைசிப் பாடம் என்று போகிற ஏற்பாடு இங்கே இல்லை.

இதைச் சொன்னதும் சில முகங்களில் நிம்மதி தெரிகிறது. பிள்ளையின் முதுகு தப்பியதே என்று. வேறு சில முகங்களில், "அப்படியானால் என்னதான் சொல்லிக் கொடுப்பீர்கள்?" என்று எழுதியிருக்கிறது. இன்றைக்கு நான் பேசப் போவது இந்த இரண்டாவது கூட்டத்தாரிடம். சந்தேகப்படுகிறவர்கள்தான் இந்தப் பாடத்திட்டத்துக்கு நல்ல பெற்றோர்.

நம் பள்ளி பின்பற்றுவது இன்டர்நேஷனல் பாக்கலோரியட், சுருக்கமாக ஐ.பி., என்ற அமைப்பின் தொடக்க நிலைத் திட்டம். ஆசிரியர்கள் வாயில் அது பி.ஒய்.பி. மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கானது. மாநிலப் பாடத்திட்டம், சி.பி.எஸ்.இ. என்ற வரிசையில் இதுவும் இன்னொரு 'போர்டு' என்று நினைத்து வருகிறவர்கள்தான் தடுமாறுகிறார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் நான்காம் வகுப்பு அறிவியலில் என்ன இருக்கிறது என்று கேட்டால், புத்தகத்தைத் திறந்து காட்டிவிடலாம். கன்னியாகுமரியிலும் கிருஷ்ணகிரியிலும் அதே பாடம், அதே படம். பி.ஒய்.பி.க்கு அப்படி ஒரு புத்தகத்தை யாரும் அனுப்புவதில்லை. புள்ளி வைத்துத் தருவது ஐ.பி.; கோலம் போட வேண்டியது பள்ளி. எத்தனை புள்ளி, எந்த இடத்தில் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. கோடு எப்படி வளைந்து போகிறது என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆகவே 'ஐ.பி. பள்ளி' என்று மட்டும் சொன்னால், ஒரு பள்ளியைப் பற்றிப் பாதிகூடச் சொன்னதாகாது. மீதியை நீங்கள் எங்களிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடுக்கத்தான் இந்தக் கூட்டம்.

இந்தத் திட்டம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் உலகப் போருக்குப் பிறகு சர்வதேச சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஜெனீவாவில் அலுவலகம் போட்டன. பல நாடுகளிலிருந்து வந்த ஊழியர்களின் பிள்ளைகளுக்காக 1924இல் அங்கே ஒரு பள்ளி தொடங்கியது. ஜெனீவா சர்வதேசப் பள்ளி என்று இன்றும் நடக்கிறது. அப்பாவோ அம்மாவோ நாடு மாறிக்கொண்டே இருக்கும் வீட்டில், பிள்ளை எந்த நாட்டுப் பரீட்சை எழுதுவது, எந்தப் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொள்ளும் என்பது பெரிய தலைவலி. அதற்கு மருந்தாக 1968இல் வந்ததுதான் ஐ.பி. டிப்ளமோ, பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களுக்கான படிப்பு. இந்தியாவில் அதை முதலில் எடுத்துக்கொண்டது நம் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி, 1976இல். நடுநிலைத் திட்டம் 1994இல்தான் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கான இந்தத் திட்டம் 1997இல். அதாவது, மேல் வகுப்பில் தொடங்கிக் கீழே இறங்கி வந்த திட்டம் இது. ஆனால் தொடக்க நிலைத் திட்டத்தை எழுதியவர்கள் மேலதிகாரிகள் இல்லை. பல நாடுகளின் சர்வதேசப் பள்ளிகளில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த ஆசிரியர்கள் 1990களில் கூடிப் பேசி எழுதியதை, பிறகு ஐ.பி. தன்னுடையதாக்கிக்கொண்டது. வகுப்பறைக்குள் நின்றவர்கள் எழுதியது என்பதை அதன் பல இடங்களில் பார்க்கலாம். குழு கூடிப் பேசியது என்பதையும் பார்க்கலாம். சில ஆவணங்களின் நீளம் அப்படி.

சரி, அந்தப் புள்ளிகள் என்ன? முக்கியமானவை ஆறு தலைப்புகள். நாம் யார், நாம் எந்தக் காலத்தில், எந்த இடத்தில் இருக்கிறோம், நம் மனதில் உள்ளதை எப்படி வெளிப்படுத்துகிறோம், உலகம் எப்படி இயங்குகிறது, நம்மை நாமே எப்படி ஒழுங்குபடுத்திக்கொள்கிறோம், இந்தப் பூமியை எப்படிப் பகிர்ந்துகொள்கிறோம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு வருடமும் இந்த ஆறும் திரும்பத் திரும்ப வரும். மழலை வகுப்புகளில் எண்ணிக்கை குறையலாம். ஒரு தலைப்புக்கு ஒரு யூனிட், ஏறக்குறைய ஆறு வாரம். தலைப்பு ஒன்றே தவிர, கேள்வி வயதோடு வளரும். 'நாம் யார்' என்பதில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தன் உடம்பைப் பற்றியும் ஐம்புலன்களைப் பற்றியும் பேசும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நம்பிக்கைகளைப் பற்றிப் பேசும். ஒருவர் கோயிலுக்குப் போகிறார், ஒருவர் மசூதிக்குப் போகிறார், ஒருவர் எங்கும் போவதில்லை. இவர்கள் எப்படி ஒரே தெருவில் வாழ்கிறார்கள்?

எல்லா வகுப்பின் எல்லா யூனிட்டையும் ஒரே தாளில் அட்டவணையாகப் போட்டு வைத்திருப்போம். பள்ளியின் பாடத்திட்டம் என்று எதையாவது கையில் பிடித்துக் காட்டச் சொன்னால், அந்தத் தாளைத்தான் காட்டுவேன். எந்த பி.ஒய்.பி. பள்ளிக்குப் போனாலும் அதைக் கேளுங்கள். அது இல்லை என்றாலோ, தர முடியாது என்றாலோ, மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள்.

அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் என்ன நடக்கிறது? நான்காம் வகுப்பின் 'பூமியைப் பகிர்தல்' கட்டத்தைப் பிரித்துக் காட்டுகிறேன். நம் பள்ளியில் அது தண்ணீர்.

யூனிட் தொடங்குமுன் வகுப்பாசிரியர்கள், தமிழாசிரியர், கணக்குக்கு உதவுகிறவர், நூலகர் எல்லோரும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு வாக்கியம் எழுதுவார்கள். யூனிட் முழுக்க அந்த வாக்கியத்தைச் சுற்றித்தான் நடக்கும். இந்த யூனிட்டுக்கு எழுதியது: 'தண்ணீர் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை, அதை யார் எவ்வளவு பெறுகிறார்கள் என்பதில் மனிதர்கள் எடுக்கும் முடிவுகளுக்குப் பங்கு உண்டு.' பாட்டிலில் தண்ணீர் வரைந்து வண்ணம் தீட்டி, 'நீரின்றி வாழ்வில்லை' என்று தலைப்பு எழுதி முடித்துவிடுகிற பாடத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. அதை ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம், ஆதாரம் கேட்கலாம்.

முதல் நாள் ஆசிரியர் எதையும் விளக்க மாட்டார். சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டி, தண்ணீரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்பார். பிள்ளைகள் எழுதி ஒட்டுவார்கள். பாதிக் கேள்வி விளையாட்டாக இருக்கும். சுறா மீனுக்குத் தாகம் எடுக்குமா என்ற ரகம். ஒரு குழந்தை எழுதியிருந்தது: 'மழைத் தண்ணி ஃப்ரீதானே, அப்புறம் லாரித் தண்ணிக்கு எதுக்குக் காசு?' ஆசிரியர் இதற்குப் பதில் சொல்லிவிட்டால் இரண்டு நிமிடத்தில் கதை முடிந்துவிடும். அவர் பதில் சொல்லக் கூடாது. அந்தத் துண்டுச் சீட்டை எடுத்து நடுவில் ஒட்டினார். அதுதான் அன்று அவர் செய்த பெரிய வேலை.

பிறகு அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போக வேண்டும். தங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளரைப் பேட்டி எடுத்து வந்தார்கள். லாரிக்கு எத்தனை லிட்டர், மாதம் எத்தனை லாரி, செலவு யார் தலையில்? சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கையும் வரைபடத்தில் குறித்தார்கள். லாரித் தண்ணீரில் பெரும்பகுதி சுற்றுவட்டாரக் கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. கிணற்றுக்காரர் தன் கிணற்றுத் தண்ணீரை விற்றால் என்ன தப்பு என்று ஒரு கட்சி. பக்கத்து வயல்காரர் கிணறும் சேர்ந்து வற்றுமே, அவர் என்ன செய்வார் என்று இன்னொரு கட்சி. நீதிமன்றங்களும் அரசும் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயம் இது. ஒன்பது வயதுப் பிள்ளைகள் அதைத் தீர்த்துவிடவில்லை. ஆனால் ஒரே கிணற்றை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள், இருவருக்கும் காரணம் உண்டு என்று தெரிந்துகொண்டார்கள்.

கணக்கு எங்கே என்று கேட்பீர்கள். வருகிறேன். பள்ளியில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பராமரிப்பு ஊழியரிடம் சொல்லி இரண்டு நாள் அதைச் சரிசெய்யாமல் விடச் சொன்னோம். (அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.) பிள்ளைகள் 250 மில்லிலிட்டர் அளவுக் குவளையை அடியில் வைத்து, கடிகாரத்தோடு உட்கார்ந்தார்கள். நிரம்ப 25 நிமிடம். நிமிடத்துக்கு 10 மில்லி. ஒரு நாளைக்கு 1,440 நிமிடம் என்பதையே பெருக்கித்தான் கண்டுபிடித்தார்கள். ஆக 14,400 மில்லி, பதினாலரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 'இவ்வளவுதானா' என்று ஏமாற்றம். அப்போது ஒருத்தி, எங்கள் அப்பார்ட்மென்ட்டில் 80 வீடு, வீட்டுக்கு ஒரு குழாய் இப்படிச் சொட்டினால் என்று ஆரம்பித்தாள். நாளைக்கு 1,152 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று, பத்தரை நாளுக்குள் காலி. அந்த எண் பலகையில் விழுந்தபோது வகுப்பில் எழுந்த சத்தம் இருக்கிறதே, எந்தப் பயிற்சி நூலிலும் பத்தாவது கணக்கைப் போட்டு முடித்த பிள்ளையிடம் நான் அதைக் கேட்டதில்லை.

2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகளுக்கு அது சரித்திரம். 50 வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று அவர்களே பெருக்கினார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டர் என்றால் 25,000 பேருக்குத்தான் காணும். அதற்கு நாலு வருடம் முன்பு, 2015 டிசம்பரில், இதே ஊர் வெள்ளத்தில் மிதந்தது. இரண்டு புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 'ஏன்' என்று கேட்கச் சொல்லி யாரும் தூண்ட வேண்டியதில்லை. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது அந்த 'ஏன்' வழியாகத்தான் வகுப்புக்குள் வந்தது. மறுநாளே நம் பள்ளியின் மழைநீர்த் தொட்டியைத் திறந்து காட்டுங்கள் என்றார்கள். திறந்தோம். அதில் இலைதழை அடைத்திருந்ததைப் பற்றித் தாளாளருக்கு அவர்கள் எழுதிய கடிதம், அந்த யூனிட்டில் வந்த மிகச் சிறந்த ஆங்கிலக் கட்டுரை. தொட்டியும் சுத்தமானது.

இதற்குப் பின்னால் ஏழு கேள்விகள் இருக்கின்றன. திட்டத்தின் இன்னொரு வரிசைப் புள்ளிகள் அவை. இது எப்படி இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது, ஏன் இப்படி ஆனது, எப்படி மாறுகிறது, வேறு எதோடு தொடர்புடையது, யாருடைய கண்ணால் பார்க்கிறோம், நம் பொறுப்பு என்ன. தண்ணீர் யூனிட்டில் இவற்றில் மூன்றைத்தான் எடுத்தோம்: காரணம், பார்வை, பொறுப்பு. எல்லாவற்றையும் ஒரே யூனிட்டில் திணிக்கிற பள்ளி எதையும் உருப்படியாகச் செய்யாது. தண்ணீரைப் பற்றிய தகவல்களில் பாதி பிள்ளைக்கு மறந்துபோகும். மறக்கட்டும். அடுத்த வருடம் சந்தை பற்றிய யூனிட்டில் தக்காளி விலை ஏறியதைப் பார்த்ததும், 'இது யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டது?' என்று தானாகக் கேட்டால், இந்த யூனிட் வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

இனி நீங்கள் உண்மையில் கேட்க வந்த கேள்வி. வாய்ப்பாடு உண்டா?

உண்டு. பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை வாய்விட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். ஆராய்ந்து கற்பது என்றால் மனப்பாடமே கிடையாது என்று யாராவது சொன்னால், அவர்கள் இந்தத் திட்டத்தைச் சரியாகப் படிக்கவில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று நாக்கில் வராத பிள்ளையால் லாரிக் கணக்கைப் போட முடியாது. பெருக்குவதிலேயே மூச்சு வாங்கிவிடும். கணக்கில் எல்லாமும் யூனிட்டுக்குள் அடங்காது. பின்னத்தைத் தண்ணீரோடு முடிச்சுப் போட்டே தீர வேண்டும் என்று சில ஆசிரியர்கள் படும் பாடு பரிதாபம். அடங்காததைத் தனியாக, தினமும், கணக்கு நேரத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். எழுத்துக் கூட்டிப் படிப்பதும் கையெழுத்தும் அப்படியே.

ஆனால் வழிமுறை நீங்கள் படித்தது போல இருக்காது. 52இல் 38 போனால் எவ்வளவு என்று கேட்டால் நாம் உடனே பக்கத்து வீட்டில் கடன் வாங்குவோம். உங்கள் மகள் வேறு மாதிரி போடலாம்: 38லிருந்து 40க்கு இரண்டு, 40லிருந்து 52க்குப் பன்னிரண்டு, ஆக 14. 'இது என்ன புது முறை' என்று சில அப்பாக்கள் கோபமாக மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். புதிது இல்லை. அறுபத்துமூன்று ரூபாய்ச் சாமானுக்கு நூறு ரூபாய் நோட்டு நீட்டினால், மளிகைக்கடை அண்ணாச்சி இப்படித்தான் மீதி எண்ணிக் கொடுத்தார்: அறுபத்தஞ்சு, எழுபது, நூறு. கடன் வாங்கிக் கழிக்கிற முறையும் பிறகு வரும். அவசரப்பட்டு வீட்டில் அதை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தால் பிள்ளை இரண்டையும் குழப்பிக்கொள்ளும். வீட்டில் கணக்குப் போடும்போது, "எப்படிப் போட்டே, சொல்லு" என்று மட்டும் கேளுங்கள்.

தேர்வைப் பற்றி. தொடக்க நிலையில் ஐ.பி. எந்தப் பரீட்சையும் வைப்பதில்லை. முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் இங்கே கிடையாது. அதற்காக மதிப்பீடு இல்லை என்று நினைக்காதீர்கள். பிள்ளை என்ன வாசிக்கிறது, எந்த இடத்தில் தடுக்குகிறது என்று ஆசிரியர் தொடர்ந்து எழுதி வைக்கிறார். வருடத்தில் ஒரு நாள் உங்களைக் கூப்பிடுவோம். அன்று பேசுவது ஆசிரியர் அல்ல, உங்கள் பிள்ளை. தன் கோப்பைத் திறந்து, இது ஜூனில் எழுதியது, இது ஜனவரியில் எழுதியது, இதில் நான் இன்னும் திணறுகிறேன் என்று உங்களுக்குக் காட்டும். அந்த நேரத்தில் தயவுசெய்து எழுத்துப் பிழை திருத்த ஆரம்பித்துவிடாதீர்கள்.

ஒருவேளை, ஆறாம் வகுப்பில் சி.பி.எஸ்.இ.க்கோ மாநிலப் பாடத்திட்டத்துக்கோ மாற்றுவதாக உங்களுக்கு எண்ணம் இருந்தால் மறைக்காதீர்கள். கடைசி வருடம் வந்து சொன்னால் நாங்கள் செய்யக்கூடியது குறைவு. நேரம் வைத்து எழுதிப் பழகுவது, பாடநூலைப் படித்து விடை தேடுவது ஆகியவற்றில் இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி குறைவு. முன்பே தெரிந்தால் கொடுத்துவிடலாம். வேறு பெயரில் வரும் சர்வதேசத் திட்டங்களோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கேம்பிரிட்ஜ் தொடக்க நிலைத் திட்டம் வேறு. அது ஆங்கிலம், கணக்கு, அறிவியல் ஒவ்வொன்றிலும் எந்த நிலையில் என்ன தெரிய வேண்டும் என்று தெளிவாக எழுதித் தருகிறது, முடிவில் செக்பாயின்ட் என்ற தேர்வும் உண்டு. மோசம் என்று சொல்ல மாட்டேன். சில பிள்ளைகளுக்கு அதுதான் பொருந்தும். பெயர்ப் பலகையில் 'இன்டர்நேஷனல்' என்று எழுதிவிட்டு உள்ளே வழக்கமான பாடத்திட்டமே நடத்தும் பள்ளிகளும் ஊரில் ஏராளம். அனுமதி பெற்ற பள்ளிகளின் பட்டியலை ஐ.பி.யே வெளியிடுகிறது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வந்து மறுபடி பார்க்கவும் பார்க்கிறது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம் ஊருக்குப் புதிது என்று ஒரு எண்ணம் உண்டு. பெருமையாகவும் சொல்கிறார்கள், குறையாகவும் சொல்கிறார்கள். இரண்டும் சரியில்லை. மரியா மாண்டிசோரி 1939இல் இந்தியா வந்து முதலில் தங்கியது நம் அடையாறில், பிரம்ம ஞான சபையில். இந்திய ஆசிரியர்களுக்கு அவர் பயிற்சி கொடுத்தது அங்கேதான். போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுக்கப் போன செயல்வழிக் கற்றலை எடுத்துக்கொள்ளுங்கள். ரிஷிவேலிப் பள்ளியின் கிராமக் கல்வி முறையைப் பார்த்து உருவானது அது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, தங்கள் வேகத்தில் அட்டைகளை எடுத்துப் படித்தார்கள். கட்டணம் வாங்காத பள்ளிகளில் நடந்தது என்பதற்காக நாம் அதைக் கவனிக்கத் தவறிவிட்டோம். நான் சந்தித்த மிகத் தேர்ந்த தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் சிலர் அந்த வகுப்பறைகளிலிருந்து வந்தவர்கள்.

தாத்தா பாட்டிகளுக்கு வேலை இருக்கிறது என்றேனே, அது இதுதான். இந்தத் திட்டத்தில் பிள்ளையின் வீட்டு மொழியைப் பள்ளி மதிக்க வேண்டும், ஏழு வயதிலிருந்து இரண்டாவது மொழி ஒன்றைக் கற்றுத்தர வேண்டும் என்று விதியே உண்டு. பள்ளி ஆங்கிலத்தில் நடக்கிறது என்பதற்காக வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறிவிடும் குடும்பங்களை வருடாவருடம் பார்க்கிறேன். பெற்றோருக்குச் சரளமாக வராத மொழியில் "கம், ஈட், ஸ்லீப்" என்று மூன்று சொல்லில் வீட்டுப் பேச்சு சுருங்கிவிடுகிறது. பிள்ளைக்கு அதனால் ஆங்கிலமும் வளர்வதில்லை. காரணம் கேட்பது, மறுத்துப் பேசுவது, 'ஒருவேளை இப்படி இருந்தால்' என்று யோசிப்பது எல்லாம் வீட்டில் ஏதாவது ஒரு மொழியில் ஆழமாக நடந்திருந்தால்தான், வகுப்பில் இன்னொரு மொழியில் வரும். வீட்டில் தமிழ் என்றால் தமிழ், தெலுங்கு என்றால் தெலுங்கு, உருது என்றால் உருது, தயங்காமல் பேசுங்கள்.

தண்ணீர் யூனிட்டில் தமிழ் வகுப்பின் வேலை, வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பேட்டி எடுப்பது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, ஊருணிக்குள் செருப்போடு யாரும் இறங்க மாட்டார்கள், மாட்டை அங்கே குளிப்பாட்டக் கூடாது, அதற்குக் கண்மாய் தனி என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் வந்து வகுப்பில் கேட்டாள்: "போலீஸ் இல்லாம எப்படி எல்லாரும் கேட்டாங்க?" பூமியைப் பகிர்ந்துகொள்வது பற்றி நாங்கள் எழுதி வைத்த வாக்கியத்தைவிட அந்தக் கேள்வி கூர்மையானது. அதைக் கொண்டுவந்தது ஆசிரியர் இல்லை, பாட்டி.

இந்தத் திட்டம் எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாடநூல் இல்லாத இடத்தில் ஆசிரியர்தான் பாடநூல். நல்ல ஆசிரியர் போய்விட்டால் யூனிட்டும் அவரோடு பாதி போய்விடும். சர்வதேசப் பள்ளிகளில் ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவது ஊரறிந்த விஷயம். நீச்சல் குளத்தின் அளவைக் கேட்கிற பெற்றோர், 'போன வருடம் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து திட்டமிடுகிறார்கள்?' என்று கேட்பதே இல்லை. கேளுங்கள். எங்களையும் கேளுங்கள். சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கும் பத்துப் பண்புகளின் போஸ்டரை, அதாவது ஆர்வமுள்ளவர், அக்கறையுள்ளவர், துணிந்து முயல்பவர் என்ற பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். பிள்ளை 'எனக்குத் தெரியாது மிஸ்' என்று சொல்லும்போது அந்த மிஸ் என்ன செய்கிறார் என்பதை வகுப்பில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

இன்னொரு சறுக்கல் உங்கள் பக்கம். ப்ராஜெக்ட். இரவு ஒன்பது மணிக்கு ஸ்டேஷனரிக் கடையில் தெர்மாகோல் தேடி அலையும் அப்பாக்களை எனக்குத் தெரியும். அம்மா செய்த எரிமலை, மாமா செய்த சூரியக் குடும்பம் எல்லாம் எங்களுக்கு வேண்டாம். கோணலாக ஒட்டியிருந்தாலும் பிள்ளை ஒட்டியதைக் கொடுத்தனுப்புங்கள். ஐந்தாம் வகுப்பு முடிவில் 'எக்ஸிபிஷன்' என்று ஒன்று வரும். பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தாங்களே ஒரு பிரச்சினையைத் தேர்ந்து, பல வாரம் ஆராய்ந்து, உங்கள் முன் நின்று பேச வேண்டும். திட்டத்தில் கட்டாயமான கட்டம் அது. அன்று யாருடைய ப்ராஜெக்ட்டை வீட்டில் செய்து கொடுத்தார்கள் என்பது, மூன்றாவது கேள்வி கேட்டதும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

மாலையில் கூப்பிட வரும்போது, "இன்னைக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு யாரு நல்ல கேள்வி கேட்டா?" என்று கேட்டுப் பாருங்கள், கார் நிறுத்துமிடம் வரை பேச்சு நிற்காது.

கட்டணத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதற்குக் கணக்குப் பிரிவில் ஒருவர் காத்திருக்கிறார், எனக்கு அவர் மேல் பொறாமையும் இல்லை. வெளியே நடைக்கூடத்தில் எல்லா வகுப்புகளின் அட்டவணையும் ஒட்டியிருக்கிறது. ஆளுக்கொரு பிரதியும் மேசையில் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் வகுப்பில் உள்ள ஆறு வாக்கியங்களையும் படியுங்கள். எந்த வாக்கியம் சப்பென்று இருக்கிறது, எது புரியவில்லை, எதோடு உங்களுக்கு உடன்பாடில்லை என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வாருங்கள். காபிக்குப் பிறகு அந்தந்த வகுப்பறையில் ஆசிரியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாம் வகுப்பின் மூன்றாவது யூனிட்டைப் பற்றி எனக்கே திருப்தி இல்லை. அங்கிருந்து தொடங்கினாலும் சரி.